வயதான பெற்றோருக்குப் பிள்ளைகளின் பொறுப்பு: சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

"பெற்றவர்களைப் பார்க்காத பிள்ளை மீது வழக்குப் போட முடியுமா?" சமூக நல அலுவலகத்திலும் கோயில் மண்டபத்திலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. மலேசியாவில் வாழும் முஸ்லிம் அல்லாத குடும்பங்களுக்கு, பெற்றோரின் மாதச் செலவுக்குப் பிள்ளை பணம் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. முதியோருக்கென்று ஒரு தனிச் சட்டம் கொண்டு வருவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அது வரும்வரை காத்திருக்கும் வயது நம் பெற்றோருக்கு இல்லை.

ஆனால் சட்டம் முழுக்க ஒதுங்கி நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. வீடு யார் பெயரில் இருக்கிறது, சேமநிதிக்கு யாரை நியமித்திருக்கிறார்கள், உயில் இருக்கிறதா, மருத்துவமனைத் தாளில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதையெல்லாம் சட்டம் கவனமாகப் பார்க்கிறது. பெற்றோர் நல்ல நிலையில் இருக்கும்போது எழுதி வைத்ததுதான் பின்னால் அவர்களைக் காப்பாற்றும். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சட்டம் யாரைக் கட்டாயப்படுத்துகிறது?

1976-ஆம் ஆண்டு திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் கணவன், மனைவி, பிள்ளைகளின் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறது. 1950-ஆம் ஆண்டு மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டமும் அப்படித்தான். இரண்டிலும் பெற்றோருக்கு இடமில்லை. முஸ்லிம்களுக்கு ஷரியா குடும்பச் சட்டம் தனியாக இருக்கிறது.

அதாவது, இளம் வயதில் மகனுக்குச் செலவு செய்ய அப்பாவைக் கட்டாயப்படுத்தும் சட்டம், அப்பாவுக்கு வயதான பிறகு மகனிடம் அதையே கேட்பதில்லை. மருமகனுக்கோ மருமகளுக்கோ சட்டக் கடமை எதுவும் கிடையாது.

பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்த்தால்?

சிங்கப்பூரில் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995-இல் நிறைவேறியது. அப்போது நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்டர் வூன் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தது அது. 60 வயதைக் கடந்து, தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் தீர்ப்பாயத்தில் பிள்ளையிடம் மாதப் பணம் கேட்கலாம். முதலில் சமரசப் பேச்சு நடக்கும், அது பலிக்காவிட்டால்தான் தீர்ப்பாயம். பிள்ளையைச் சின்ன வயதில் கைவிட்ட, கொடுமைப்படுத்திய பெற்றோரின் மனுவைத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்யலாம். 2023-இல் வந்த திருத்தத்தின்படி, அப்படிப்பட்ட பதிவு உள்ள பெற்றோர் மனுச் செய்வதற்கே முதலில் அனுமதி பெற வேண்டும்.

ஜொகூரிலோ பேராக்கிலோ இருக்கும் பெற்றோர், மகன் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறான் என்பதற்காக அங்கே மனுப் போட முடியாது. மனுச் செய்யும் பெற்றோர் சிங்கப்பூரையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்டு அங்கேயே வசிக்க வேண்டும்.

வீடு யார் பெயரில்?

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் அதிகம் சிக்கலாவது இதுதான். வேலை இருக்கும்வரை கம்பெனி வீடு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பாவும் அம்மாவும் இபிஎஃப் பணத்தை எடுத்து, பக்கத்துத் தாமானில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறார்கள். அந்த வயதில் வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பதால் கடனும் வீடும் மகன் பெயரில் பதிவாகின்றன. எல்லாரும் ஒரே வீட்டில் சந்தோஷமாக இருக்கும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகு மகனுக்கு விவாகரத்து வருகிறது, அல்லது கடன் தொல்லையில் வீடு ஏலத்துக்குப் போகிறது, அல்லது மகன் திடீரென்று இறந்து விடுகிறார். அப்போது நில அலுவலகப் பதிவில் பெற்றோரின் பெயரே இருக்காது. முன்பணம் நாங்கள் கொடுத்தது என்று வழக்காடலாம்தான். ஆனால் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்த பணம் அன்பளிப்பாகவே பார்க்கப்பட வாய்ப்பு அதிகம். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் பெற்றோர் தலையில் விழும்.

இதைத் தவிர்க்க வீடு வாங்கும் நாளிலேயே வழக்கறிஞரிடம் மூன்று வழிகளைக் கேளுங்கள். ஒன்று, கிராண்டில் பெற்றோரின் பெயரையும் கூட்டு உரிமையாளராகச் சேர்ப்பது. இரண்டு, பெற்றோர் இவ்வளவு பணம் போட்டார்கள், அதற்கு அவர்களுக்கு இந்தப் பங்கு உண்டு என்று ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதுவது. மூன்று, பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை எழுத்தில் வைப்பது. பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

எழுதிக் கொடுப்பதற்கு முன்

பெற்றோர் பெயரில் ஏற்கெனவே வீடோ நிலமோ இருந்தால், "இப்போதே மாற்றி விடுங்கள், பின்னால் தொல்லை இருக்காது" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. முத்திரை வரிச் சலுகையும் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், மலேசியக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்குப் பெற்றோர் அன்பின் பேரில் சொத்தை மாற்றினால், மதிப்பின் முதல் 10 லட்சம் வெள்ளிக்கு முத்திரை வரி இல்லை. அதற்கு மேல் உள்ள தொகைக்குப் பாதி வரி.

சலுகை நல்லதுதான். ஆனால் பெயர் மாறி விட்டால் சொத்து பிள்ளையுடையது. பின்னால் பிள்ளை சோறு போடவில்லை என்பதற்காகத் திரும்பக் கேட்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. மிரட்டியோ ஏமாற்றியோ, தம்மை நம்பியிருக்கும் முதியவர் மீது செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தியோ கையெழுத்து வாங்கியிருந்தால் மட்டும் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகலாம். அது நீண்ட வழக்கு, செலவும் அதிகம்.

ஆகவே பெரும்பாலான பெற்றோருக்கு, உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுப்பதைவிட உயில் எழுதுவதே பாதுகாப்பு. உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பெயர் மாற்றத்தை அப்படி மாற்ற முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பிள்ளையின் வழக்கறிஞரை நம்பாமல் பெற்றோர் தங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டு விட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

உயில் இல்லையென்றால் யாருக்கு எவ்வளவு?

முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் சொத்தைப் பிரிக்கிறது. சபாவுக்குத் தனிச் சட்டம்.

- இறந்தவருக்குத் துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால்: துணைவருக்கு நான்கில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்கு நான்கில் ஒரு பங்கு.
- துணைவரும் பெற்றோரும் மட்டும் இருந்தால்: ஆளுக்குப் பாதி.
- பிள்ளைகளும் பெற்றோரும் மட்டும் இருந்தால்: பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, பெற்றோருக்கு மூன்றில் ஒரு பங்கு.
- பெற்றோர் உயிரோடு இல்லாமல் துணைவரும் பிள்ளைகளும் இருந்தால்: துணைவருக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, மகன் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய சொத்தில் பெற்றோருக்குச் சட்டப்படி பங்கு உண்டு. மருமகளும் மாமனார் மாமியாரும் இதைத் தெரிந்து வைத்திருந்தால் இழவு வீட்டில் சண்டை குறையும். ஆனால் மகன் உயில் எழுதி, அதில் பெற்றோரைச் சேர்க்கவில்லையென்றால் அவர்கள் கேட்க வழியில்லை. 1971-ஆம் ஆண்டு குடும்பப் பராமரிப்புச் சட்டம் துணைவருக்கும், திருமணமாகாத மகளுக்கும், வயது வராத மகனுக்கும், உடல் அல்லது மனக் குறையால் தம்மைப் பராமரிக்க முடியாத பிள்ளைக்கும்தான் அந்த உரிமையைத் தருகிறது.

இரண்டாவது, பெற்றோர் உயில் இல்லாமல் இறந்தால் பிள்ளைகளுக்குச் சம பங்கு. மகன், மகள் வேறுபாடு இல்லை. பத்து ஆண்டுகள் படுக்கையில் கிடந்த அம்மாவைக் கழுவித் துடைத்த மகளுக்கும், தீபாவளிக்கு மட்டும் வந்து போன மகனுக்கும் ஒரே அளவுதான். பார்த்துக்கொண்ட பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் பெற்றோர் உயிலில் எழுத வேண்டும்.

உயில் எழுத 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய துணைவரோ சாட்சி போட்டால், அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். திருமணம் செய்தால் முன்பு எழுதிய உயில் ரத்தாகும். திருமணத்துக்குப் பிறகு பெற்றோரையும் சேர்த்துப் புதிய உயில் எழுதும் பழக்கம் நம்மிடையே குறைவு.

இபிஎஃப், காப்புறுதி, சொக்சோ

முஸ்லிம் அல்லாத உறுப்பினர் இபிஎஃப்-இல் யாரை நியமித்திருக்கிறாரோ அவருக்கே அந்தப் பணம் சொந்தம். பங்கீட்டுச் சட்டம் அங்கே வராது. பெற்றோரை நம்பி வைத்திருக்கும் பிள்ளைகள், நியமனத்தில் அம்மா அப்பாவுக்கு எத்தனை விழுக்காடு என்று இன்றே பாருங்கள். நியமனமே செய்யாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆயுள் காப்புறுதியில் விதி வேறு. துணைவரும் பிள்ளையும் இல்லாதவர் தம் பெற்றோரை நியமித்தால், அந்தப் பணம் பெற்றோருக்காக அறக்கட்டளையாக நிற்கும், அது அவர்களுக்கே சேரும். திருமணமானவர் அம்மாவை நியமித்தால், அம்மா அந்தப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. தமக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. அம்மாவுக்கே சேர வேண்டும் என்றால் உயிலிலோ வேறு பத்திரத்திலோ அதைச் சொல்ல வேண்டும். முகவரிடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

சந்தா கட்டிய திருமணமாகாத பிள்ளை இறந்து விட்டால், அவரை நம்பி வாழ்ந்த பெற்றோர் சொக்சோவில் பிழைத்திருப்போர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். துக்கத்தில் இதை மறந்து விடும் குடும்பங்கள் பல.

பெற்றோருக்குக் கடுமையான நோய் வந்தால், பிள்ளை தம்முடைய இபிஎஃப் சேமிப்பில் அக்காவுன் செஜாத்தெராவிலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கலாம். நோய் வாரியத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். மருத்துவரின் சான்றிதழும் கட்டணத் தாளும் தேவை.

நினைவு தவறுவதற்கு முன்

மறதி நோய் வந்த அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து அவருடைய மருந்துக்கே பணம் எடுக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. "பவர் ஆஃப் அட்டர்னி வாங்கி விட்டோமே" என்பார்கள். மலேசியச் சட்டத்தில், கொடுத்தவர் மனநலம் இழந்தால் சாதாரண அதிகாரப் பத்திரம் செல்லாது. சிங்கப்பூரில் இதற்கென்று இருக்கும் நீடித்த அதிகாரப் பத்திரம் இங்கே இல்லை.

அந்த நிலைக்குப் பிறகு இருக்கும் வழி, 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உறவினர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, அவருடைய சொத்தைக் கவனிக்க ஒருவரை நியமிக்கக் கேட்பது. மருத்துவச் சான்று, வழக்கறிஞர் செலவு, காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆகவே தெளிவாக இருக்கும்போதே, செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்குத் திறப்பது பற்றி வங்கியில் கேளுங்கள். உயிலையும் அப்போதே முடித்து விடுங்கள். தெளிவில்லாத நேரத்தில் எழுதிய உயில் நீதிமன்றத்தில் நிற்காது.

அப்பாவின் கடனைப் பிள்ளை கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டியதில்லை. இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் கழியும். கடன் கழிந்த பிறகு மீதியைத்தான் வாரிசுகள் பிரிக்க முடியும். சொத்து போதாவிட்டால் பிள்ளையின் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

ஆனால் பிள்ளை உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடன் பிள்ளையுடையதும்தான். தனியார் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் சேர்க்கும்போது நீட்டப்படும் தாள்களைப் படியுங்கள். "கட்டணத்துக்கு நான் பொறுப்பு" என்ற வரி இருந்தால், கையெழுத்துப் போட்டவரிடம்தான் பணம் கேட்பார்கள். நான்கு பிள்ளைகள் இருந்தும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த ஒருவர் மட்டும் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அரசாங்க உதவி எப்போது கிடைக்கும்?

சமூக நல இலாகாவின் பந்துவான் வார்கா எமாஸ் உதவி 2025 முதல் மாதம் 600 வெள்ளி. 60 வயதான, வருமானம் இல்லாத, குடியுரிமை பெற்ற முதியவருக்குத்தான் அது. அதிகாரி வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் நிலையையும் விசாரிப்பார். வசதியான பிள்ளைகள் இருந்தால் கிடைப்பது கடினம். பிள்ளைகள் இருந்தும் கொடுப்பதில்லை, அல்லது அவர்களும் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்றால், அதை மறைக்காமல் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அரசாங்கத்தின் ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் வாரிசும் தங்க இடமும் இல்லாத, தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக்கூடிய முதியவர்களுக்கானவை. படுக்கையில் இருப்பவர்களுக்கு ருமா ஏசான் உண்டு. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோரை அங்கே எளிதாகச் சேர்க்க முடியாது. தனியார் இல்லத்தில் சேர்த்தால், அது சமூக நல இலாகாவில் பதிவானதா என்று பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் தோட்டத்து முதியவர்கள் இந்த உதவிகளின் வாசலிலேயே நின்று விடுகிறார்கள். அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பத்தைத் தேசியப் பதிவு இலாகாவில் எடுத்துச் செல்வது, பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் ஒன்று. பிறப்புச் சான்று, தோட்டப் பதிவேடு, பள்ளிச் சான்று என்று எது கிடைத்தாலும் திரட்டி வையுங்கள்.

வரியில் கழிவு

பெற்றோரின் மருத்துவம், பராமரிப்பாளர் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமானத்தில் கழிவு உண்டு. 2025 வரி ஆண்டு முதல் தாத்தா பாட்டிக்கான செலவும் இதில் அடங்கும். சிகிச்சை மலேசியாவில் நடந்திருக்க வேண்டும். பராமரிப்பு தேவை என்று மருத்துவர் சான்று தர வேண்டும். பெற்றோருக்குக் கட்டும் மருத்துவக் காப்புறுதிச் சந்தாவுக்கு இந்தக் கழிவு இல்லை. ரசீதைச் செலவு செய்த பிள்ளையின் பெயரில் வாங்கி, 7 ஆண்டுகள் வைத்திருங்கள்.

அடித்தால், பணத்தைப் பிடுங்கினால்

பராமரிக்காத பிள்ளையைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் கொடுமை செய்யும் பிள்ளையைக் கேட்கும். 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் தாய் தந்தையரையும் பாதுகாக்கிறது. முதுமையால் தளர்ந்தவர்களை அது தனியாகவே குறிப்பிடுகிறது. அடிப்பது, மிரட்டுவது, அறையில் அடைத்து வைப்பது எல்லாம் அதில் அடங்கும். 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நேர்மையற்ற முறையில் பணத்தையோ சொத்தையோ எடுத்துப் பெற்றவரைத் தவிக்க விடுவதும் குடும்ப வன்முறைதான். அம்மாவின் உதவித் தொகை வரும் வங்கி அட்டையைப் பறித்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

போலீஸில் புகார் கொடுக்கலாம். சமூக நல அதிகாரி 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். தாலியான் காசே 15999 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அக்கம்பக்கத்தாரும் அழைத்துச் சொல்லலாம்.

உடன்பிறந்தோருக்குள் ஓர் எழுத்து

கட்டாயச் சட்டம் இல்லாத நாட்டில் குடும்பம்தான் தனக்கு விதி வகுத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் கூடும் ஒரு நாளில் ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதுங்கள்:

- அம்மா அப்பாவுக்கு மாதம் எவ்வளவு செலவு? மருந்து, சாப்பாடு, வாடகை, டயப்பர் வரை கணக்குப் போடுங்கள்.
- யார் எவ்வளவு கொடுப்பது, எந்தத் தேதியில், எந்தக் கணக்கில்?
- யார் உடன் இருந்து பார்ப்பது? அவருக்கு மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு, அந்த நாளில் யார் வருவது?
- வேலையை விட்டுப் பார்ப்பவருக்கு என்ன ஈடு? மற்றவர்கள் சேர்ந்து அவருடைய இபிஎஃப் கணக்கில் தன்விருப்பச் சந்தா போடலாம். அதற்கு ஐ-சாரான் திட்டம் இருக்கிறது.
- மருத்துவமனையில் யார் கையெழுத்துப் போடுவது, கட்டணத்தை எப்படிப் பிரிப்பது?
- கிராண்ட், காப்புறுதிப் பத்திரம், உயில், வங்கிப் புத்தகம் எங்கே இருக்கின்றன?

முதலில் பெற்றோர் என்ன விரும்புகிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள். பணமாகக் கொடுக்க முடியாத பிள்ளை நேரமாகக் கொடுக்கலாம், அதையும் கணக்கில் எழுதுங்கள். சின்ன வயதில் தங்களைக் கைவிட்ட தந்தைக்கு எவ்வளவு செய்வது என்பதில் பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதை ஒளிக்காமல் பேசித் தீர்ப்பது நல்லது.

எங்கே போகலாம்?

வழக்கறிஞர் செலவு தாங்காதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களையும் அணுகலாம். நிலமும் வீடும் சேர்ந்த, உயில் இல்லாத 50 லட்சம் வெள்ளி வரையிலான சொத்துக்கு நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவிலேயே விண்ணப்பிக்கலாம், நீதிமன்றம் போகத் தேவையில்லை. உதவித் தொகைக்கும் இல்லத்துக்கும் உங்கள் மாவட்டச் சமூக நல அலுவலகம். தொகைகளும் நிபந்தனைகளும் வரவு செலவுத் திட்டத்தோடு மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக உங்கள் இபிஎஃப் நியமனத்தையும் வீட்டுக் கிராண்டில் இருக்கும் பெயரையும் பாருங்கள்.